மிச்சச் சிமெண்டு மூட்டைக்கு என்ன விலை?

வீட்டுச் சமையலறையைப் பெரிதாக்கும் வேலை முடிந்துவிட்டது. கொத்தனாரும் ஆட்களும் போய்விட்டார்கள். ஆனால், கார் நிறுத்தும் இடத்தில் ஒரு குவியல் கிடக்கிறது. மூன்று மூட்டை சிமெண்டு, பிரித்தும் பிரிக்காததுமாகச் சில டைல் பெட்டிகள், வளைந்த இரும்புக் கம்பிகள், மழையில் நனைந்த பிளைவுட் பலகைகள், ஒரு சுருள் மின்கம்பி. எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை.

"சும்மா கிடக்கிறதே, யாருக்காவது விற்றுவிடலாம்" என்கிறார் அப்பா. "உடைந்ததையும் நனைந்ததையும் யார் வாங்குவார்கள்?" என்று கேட்கிறார் அம்மா. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "சிமெண்டு இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி வைக்க நான்கு தூண் கட்டப் போகிறேன். பாதி விலைக்குக் கொடுங்களேன்" என்கிறார்.

இப்போது எல்லாரும் உங்களைப் பார்க்கிறார்கள். நீங்கள்தானே அறிவியல் படிக்கிறீர்கள்! எதை விற்கலாம், என்ன விலைக்கு விற்கலாம், எதை விற்கவே கூடாது? பள்ளிப் பாடத்தில் நீங்கள் ஏற்கனவே படித்தவற்றை வைத்தே இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லலாம். வாருங்கள், குவியலை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்போம்.

சேதம் எங்கே நடந்திருக்கிறது?

ஒரு பொருள் கெட்டுவிட்டது என்று சொல்லும்போது நாம் பல விஷயங்களை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தோற்றச் சேதம். கீறல், கறை, நிறம் மங்குதல். பொருள் செய்ய வேண்டிய வேலையை இன்னும் செய்யும்.

இரண்டாவது, வடிவச் சேதம். வளைவு, உடைவு, ஓரம் சிதறுதல். பொருள் அதேதான், வடிவம் மட்டும் மாறிவிட்டது. இது இயற்பியல் மாற்றம்.

மூன்றாவது, பொருளே மாறிவிடுவது. இது இரசாயன மாற்றம். பார்ப்பதற்குப் பழையபடியே இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு பொருள்.

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் எது நடந்திருக்கிறது என்பதுதான். கண்ணுக்கு மோசமாகத் தெரிவது நல்ல விலைக்குப் போகலாம். புதிதுபோல் தெரிவது ஒரு காசும் பெறாமல் போகலாம்.

சிமெண்டு: மூட்டைக்குள் நடக்கும் இரசாயனம்

சிமெண்டு காய்ந்து கெட்டியாவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சிமெண்டு தண்ணீருடன் வினைபுரிந்து கெட்டியாகிறது. அதில் உள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீருடன் சேர்ந்து புதிய சேர்மங்களை உண்டாக்குகின்றன. அந்தச் சேர்மங்கள்தான் மணலையும் கல்லையும் பிடித்து வைக்கும் பசை. இவ்வினைக்கு நீரேற்றம் என்று பெயர்.

இவ்வினை தொடங்க, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதில்லை. காற்றில் உள்ள நீராவியே போதும். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். காகித மூட்டையைச் சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டி வைத்தால் தரையின் ஈரமும் சேர்ந்து ஏறும். மூட்டைக்குள் ஒவ்வொரு துகளின் மேற்பரப்பும் மெல்ல மெல்ல வினைபுரிந்துவிடும். சாதாரணமாகச் சேமித்து வைத்த சிமெண்டு மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கக்கூடும் என்பது கட்டுமானத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஈரம் அதிகமான இடத்தில் இழப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

சரி, எப்படிச் சோதிப்பது? முதலில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஈரமான சிமெண்டு வலுவான காரத்தன்மை உடையது, தோலைப் புண்ணாக்கிவிடும். மூட்டையைத் திறந்து கட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கட்டியை எடுத்து இரண்டு விரல்களுக்கிடையே அழுத்துங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது வெறும் பாரத்தால் இறுகியது. மேலே அடுக்கிய மூட்டைகளின் எடை செய்த வேலை. உதிராமல் கல்போல் இருந்தால் நீரேற்றம் நடந்துவிட்டது.

கல்லான கட்டியைச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்கி விற்றால் என்ன? பொடியாகும், ஆனால் சிமெண்டாகாது. வெந்த முட்டையை மசித்தால் பச்சை முட்டை ஆகிவிடுமா? அதுபோலத்தான். அதை மீண்டும் சிமெண்டாக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரியும் சூளைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஆகவே நம் மூன்று மூட்டைகளுக்கும் மூன்று விலை. பிரிக்காத, கட்டியில்லாத, தேதி அண்மையான மூட்டைக்குப் புது விலையில் பெரும்பகுதி கிடைக்கும். உதிரும் கட்டிகள் உள்ள மூட்டையைச் சலித்து, நடைபாதை மட்டப்படுத்த, சிறு பள்ளம் அடைக்க, பூச்செடித் தொட்டி செய்யப் பயன்படுத்தலாம். விலையை நன்றாகக் குறைக்க வேண்டும். கல்லான மூட்டைக்கு விலை பூஜ்யம். உண்மையில் பூஜ்யத்துக்கும் கீழே. அதை அப்புறப்படுத்த நீங்கள்தான் செலவு செய்ய வேண்டியிருக்கும்.

டைல்: காதால் கேட்டு விலை சொல்லுங்கள்

ஒரு டைலை விரல் நுனிகளில் தொங்கவிட்டுப் பிடித்து, இன்னொரு கையின் விரல் மடக்கால் தட்டுங்கள். 'டிங்' என்று தெளிவாக ஒலித்தால் நல்லது. 'டொக்' என்று மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது.

காரணம் இதுதான். விரிசல் இல்லாத டைல் முழுவதும் ஒரே பொருளாக அதிர்கிறது. விரிசல் இருந்தால் அதன் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசி, அதிர்வு ஆற்றலை வெப்பமாக விழுங்கிவிடுகின்றன. ஒலி உடனே அடங்கிவிடுகிறது. மண்பானை வாங்கும்போது பாட்டி தட்டிப் பார்ப்பதும் இதே சோதனைதான்.

சந்தேகம் தீரவில்லையா? டைலின் பின்பக்கத்தில் கொஞ்சம் நீல மை கலந்த தண்ணீரைத் தடவித் துடைத்துவிடுங்கள். நுண்துளை ஈர்ப்பால் மை விரிசலுக்குள் ஏறிக்கொள்ளும். மெல்லிய நீலக் கோடு விரிசலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டைலின் பின்பக்கம் இன்னொரு செய்தியும் சொல்லும். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். போர்சலின் டைல் தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. சொட்டு அப்படியே நிற்கும். சுவருக்கென்று செய்யப்பட்ட சாதாரண டைல் 10 விழுக்காட்டுக்கு மேலும் உறிஞ்சும். சொட்டு சட்டென்று காணாமல் போகும். இந்தச் சுவர் டைலைத் தரைக்கு என்று விற்றால் வாங்கியவர் சில மாதங்களில் உங்களைத் தேடி வருவார்.

ஓரம் மட்டும் உடைந்த டைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த அறையிலும் சுவரோரம் வரும் டைல்களை வெட்டித்தான் பதிக்க வேண்டும். உடைந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போய்விடும். அது தோற்றச் சேதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

பெட்டியைக் கிழித்துவிடவும் வேண்டாம். அதில் தயாரிப்புத் தொகுதி எண் அச்சிடப்பட்டிருக்கும். சூளையின் வெப்பம் ஒவ்வொரு முறையும் நூலிழை அளவு மாறும். அதனால் ஒரே வகை டைலும் தொகுதிக்குத் தொகுதி நிறத்திலும் அளவிலும் சற்றே வேறுபடும். உங்கள் தாமானில் அதே டைல் பதித்த யாரோ ஒருவர் வீட்டில் இரண்டு டைல் உடைந்திருந்தால், அவருக்கு உங்களிடம் உள்ள இரண்டும் தங்கம்.

இரும்புக் கம்பி: ஒரு தராசு போதும்

துருப்பிடித்த கம்பியைப் பார்த்ததும் முகம் சுளிக்க வேண்டாம். மேலே மெல்லிய செம்பழுப்புப் படலம் மட்டும் இருந்தால் கம்பியின் வலிமை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆனால் துரு செதில் செதிலாக உரிந்து, அதன் கீழே குழிகள் தெரிந்தால் கம்பி மெலிந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு மெலிந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. கணக்கால் சொல்லலாம்.

கட்டுமானத் துறையில் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும். எஃகின் அடர்த்தியான கன மீட்டருக்கு 7,850 கிலோகிராமிலிருந்து வந்த எண் அது. நீங்களே கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889. அதாவது ஒரு மீட்டர் புதுக் கம்பி ஏறத்தாழ 889 கிராம். இப்போது உங்கள் பழைய கம்பியில் ஒரு மீட்டர் துண்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை நீக்கி நிறுத்துப் பாருங்கள். 755 கிராம்தான் இருக்கிறதா? 134 கிராம் இரும்பு துருவாகப் போய்விட்டது. குறுக்குவெட்டுப் பரப்பில் சராசரியாக 15 விழுக்காடு இழப்பு. கம்பி தாங்கும் பாரம் அந்தப் பரப்பைப் பொறுத்தது. குழி விழுந்த இடத்தில் இழப்பு சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். கம்பி அறுவதும் அந்த இடத்தில்தான்.

வளைந்த கம்பியை நிமிர்த்தி விற்கலாமா? ஒரு காகிதக் கிளிப்பை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதலில் இறுகும், பிறகு முறிந்துவிடும். கம்பியிலும் அதே கதைதான். கூர்மையாக வளைந்த கம்பியைத் தூணுக்கும் உத்தரத்துக்கும் என்று விற்கக் கூடாது. வேலிக்குக் கம்பாக, தோட்டத்தில் பந்தலாகப் பயன்படுத்த விற்கலாம்.

எதற்கும் ஆகாது என்றாலும் இரும்புக்கு ஒரு கீழ்விலை உண்டு. ஒலிபெருக்கியில் 'சூராட் காபார் லாமா' என்று அழைத்தபடி வரும் லோரியை நிறுத்துங்கள். இரும்பை மறுபடி உருக்கிப் புதுக் கம்பி செய்யலாம். வடிவம் போனாலும் பொருள் போகவில்லை.

மின்கம்பி: சேதமே பொருட்டில்லை

குவியலிலேயே மிகச் சிறியது மின்கம்பிச் சுருள். உறை கிழிந்து, துண்டு துண்டாகிவிட்டது. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் விலை அதிகமானது அதுதான். செம்பு ஒரு தனிமம். எத்தனை துண்டாக வெட்டினாலும் செம்பு செம்புதான்.

உள்ளே இருப்பது முழுச் செம்புதானா என்று பாருங்கள். சில மலிவான கம்பிகள் அலுமினியத்தின்மேல் செம்பு பூசப்பட்டவை. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.70 கிராம். வெட்டிய முனையைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும்; தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. உறையை நீக்க மின்கம்பியை எரிக்கவே கூடாது. பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்களும் வெளியாகும். உறையோடு விற்றால் விலை கொஞ்சம் குறையும். உங்கள் நுரையீரல் பிழைக்கும்.

பலகையும் கண்ணாடியும்

பிளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பசை வைத்து ஒட்டியது. நனைந்தால் மரநார்கள் உப்பும். பசை தாங்காவிட்டால் ஏடுகள் பிரியும். பலகையின் நடுவிலும் ஓரத்திலும் தடிப்பை வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். நடுவில் 18 மில்லிமீட்டர், ஓரத்தில் 22 என்றால் அந்த ஓரம் போய்விட்டது. பிறகு தட்டிக்கொண்டே நடுப்பக்கம் வாருங்கள். ஒலி உள்ளீடற்றுக் கேட்கும் இடம்வரை ஏடுகள் பிரிந்திருக்கின்றன. அதுவரை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை விற்கலாம். நான்கடிக்கு எட்டடிப் பலகையில் ஓரடி வெட்டினால் எட்டில் ஏழு பங்கு மிஞ்சும். ஆனால் எட்டில் ஏழு பங்கு விலை கிடைக்காது. முழுப் பலகை தேவைப்படுபவர் உங்களிடம் வரமாட்டார்.

சன்னல் கண்ணாடி இருந்தால் முதலில் அது எவ்வகை என்று அறிந்துகொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடியின் மூலை உடைந்திருந்தால் கடைக்காரர் அதைச் சிறிதாக வெட்டிவிடுவார். டெம்பர்ட் கண்ணாடி அப்படியல்ல. சூடாக்கி வேகமாகக் குளிர்விப்பதால் அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கிறது. வெட்ட முயன்றால் மொத்தமும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். அதற்கு அதே அளவு தேவைப்படும் ஒருவர் கிடைத்தால்தான் விலை. எவ்வகை என்று கண்டுபிடிக்க முனைவாக்கக் கருப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, வானத்தின் ஒளி பிரதிபலிக்கும் கோணத்தில் பாருங்கள். டெம்பர்ட் கண்ணாடியில் புள்ளிகளோ பட்டைகளோ மங்கலாகத் தெரியும். உள்ளே உறைந்திருக்கும் விசைகளின் தடம் அது.

பழையதற்கு விலை கூடும் இடம்

எல்லாப் பழைய பொருளும் விலை இறங்கும் என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அந்தப் பெயரைப் பெற்றது செங்கல் சூளைகளால்தான். 1881-இல் நகரம் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்று உத்தரவு பிறந்தது. அக்காலச் சுவர்களில் செங்கல்லைப் பிடித்திருந்தது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. அது செங்கல்லைவிட மென்மையானது. தட்டினால் உதிர்ந்துவிடும், செங்கல் முழுதாகக் கிடைக்கும். இன்றைய சிமெண்டுச் சாந்து அப்படியல்ல. அதைப் பெயர்க்கப் போனால் செங்கல்தான் உடைகிறது.

2008-இல் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனிலும் மலாக்காவிலும் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும்போது அதே வகைச் செங்கல்லும் சுட்ட மண் ஓடும் தேவைப்படுகின்றன. அங்கே காலத்தின் கறை ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை.

விற்கவே கூடாத ஒன்று

பழைய வீட்டைப் பிரித்தபோது சாம்பல் நிறத்தில் அலை அலையான கூரைத் தகடுகளோ, தட்டையான உட்கூரைப் பலகைகளோ வந்திருந்தால் கை வைக்காதீர்கள். அவற்றில் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். தகடு முழுதாக இருக்கும்வரை அபாயம் குறைவு. உடைத்தாலோ அறுத்தாலோ துளையிட்டாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதெலியோமா எனும் புற்றுநோயும் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட வரலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்த முடியாது, ஆய்வகத்தில்தான் முடியும். எனவே பழைய தகடு என்றால் கல்நார் என்றே வைத்துக்கொண்டு, பெரியவர்களிடம் சொல்லி, பயிற்சி பெற்ற ஆட்களிடம் விட்டுவிடுங்கள். 'கோழிக்கூண்டுக்குக் கூரை போடலாம்' என்று யாராவது இலவசமாகக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

இப்போது கணக்கு. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை. உங்கள் ஊர்க் கடையில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

• டைல்: பிரிக்காத இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 30 ரிங்கிட். பிரித்த பெட்டியில் மூன்று நல்ல டைல், ஒவ்வொன்றும் 5 ரிங்கிட். மொத்தம் 75 ரிங்கிட்.

• சிமெண்டு: நல்ல மூட்டை 15, உதிரும் கட்டி மூட்டை 8, கல்லான மூட்டை 0. மொத்தம் 23 ரிங்கிட்.

• வளைந்த கம்பி: 20 கிலோ, பழைய இரும்பு விலையில் கிலோ 1 ரிங்கிட். மொத்தம் 20 ரிங்கிட்.

• பிளைவுட்: இரண்டில் ஒன்று ஏடு பிரிந்து வீண். மற்றதை ஓரம் வெட்டி 25 ரிங்கிட்.

• செம்பு: ஒன்றரைக் கிலோ, கிலோ 25 ரிங்கிட். மொத்தம் 37.50 ரிங்கிட்.

கூட்டினால் 180.50 ரிங்கிட். லோரி வாடகைக்கு 40 ரிங்கிட் கழித்தால் 140.50. இதே பொருள்களைப் புதிதாக வாங்க 550 ரிங்கிட் ஆகியிருக்கும் என்றால், திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அடுத்த முறை வேலை தொடங்கும் முன்பே சரியாக அளந்து வாங்குவதும், வாங்கியதை மரச்சட்டத்தின்மேல், சுவரைத் தொடாமல், மூடி வைப்பதும்தான் உண்மையான லாபம்.

மாமாவுக்கு என்ன பதில்?

இன்னும் ஒன்று பாக்கி. பக்கத்து வீட்டு மாமா வாசலில் காத்திருக்கிறார். உதிரும் கட்டி உள்ள மூட்டையைச் சலித்துக் கொடுத்தால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. நல்ல மூட்டை என்று சொல்லி 15 ரிங்கிட் வாங்கிவிடலாம். உங்களுக்கு 7 ரிங்கிட் கூடுதல்.

அவர் கட்டப் போவது தண்ணீர்த் தொட்டிக்கான தூண். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் அதில் நிற்கும் தண்ணீர் மட்டும் 1,000 கிலோகிராம், அதாவது ஒரு டன். அந்தத் தூண்களுக்கு இடையில்தான் அவர் வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்துவார்கள். தூணின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்பதைச் சிமெண்டு சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"மாமா, தூணுக்குப் புது மூட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இது கொஞ்சம் ஈரம் பட்டது. தொட்டியைச் சுற்றித் தரை போடுவதற்கு வேண்டுமானால் இதை 8 ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்."

செய்து பாருங்கள்

வீட்டில் பழைய சிமெண்டு கொஞ்சம் இருந்தால் பெரியவர் ஒருவரின் உதவியோடு இதைச் செய்யலாம். கையுறையும் முகக்கவசமும் கண்பாதுகாப்பும் கட்டாயம். பழைய சிமெண்டு 100 கிராம், புதுச் சிமெண்டு 100 கிராம். இரண்டிலும் ஒரே அளவு, 35 மில்லிலிட்டர் தண்ணீர் கலந்து, ஒரே அளவு மூடிகளில் ஊற்றி, நிழலில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து ஆணியால் ஒரே அழுத்தத்தில் கீறிப் பாருங்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி கீறுங்கள். எதன் கீறல் ஆழமாக விழுகிறது? மாறிகளில் எதை மாற்றினீர்கள், எதை மாற்றாமல் வைத்தீர்கள்? அட்டவணை போட்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டு மூட்டையின் விலையும் அந்த அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.